ஷைலஜா என்று பெயர் வைக்கச் சொல்லி நீங்களே வந்து சண்டை போட வேண்டும்

மேக்காட்டுத் தோட்டம்,
கொழிஞ்சாம்பாறை வழி,
ஆவணி, 1974.

கோவிந்தாபுரம் சம்பந்தி பொங்கியண்ணன் அவர்கள் சமூகத்துக்கு, மேக்காட்டுத் தோட்டம் பூவாத்தாள் கும்பிட்டு எழுதிக்கொண்டது.

இங்கே நானும், என் மகன் கருப்புசாமியும், தங்கள் மகள் சரஸ்வதியும், பேத்தியும், மாடு கன்றுகளும் சௌகரியம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாள் சாந்தம்மாளும் சௌகரியமாக இருப்பதாகக் கடலைக்காய் வாங்க வந்த வியாபாரி சொன்னார். சௌகரியமாக இருந்துகொண்டே ஒரு காகிதம் போடவில்லையே என்று நான் கேட்கவில்லை. கேட்பதென்றால் கேட்பதற்கு வேறு எவ்வளவோ இருக்கிறது. கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டாரைத் திருப்பி அனுப்பும்போது, வாளையாற்றுக்குச் சிமெண்டு மூட்டை கொண்டு போகிற லாரியில் ஏற்றிவிட்டீர்கள். என் அரக்குப் பட்டுச் சேலையை இன்றைக்கு எடுத்து உதறினாலும் வெள்ளையாகத்தான் பறக்கிறது. பந்தியில் எனக்குப் போட்ட இலை கிழிசல்; ரசம் இலையில் நின்றதைவிட என் மடியில் நின்றதுதான் அதிகம். என் கூடப்பிறந்த தம்பிக்கு மாலை போட மறந்துவிட்டு, மேளக்காரருக்குப் போட்டீர்கள். இதையெல்லாம் நான் அன்றைக்கே மறந்துவிட்டேன்.

நான் இரண்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். எழுத்து கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். மகனிடம் சொல்லி எழுத வைக்கலாம், ஆனால் அவன் காதில் விழுவது சாயங்காலத்துக்குள் அவன் பெண்டாட்டி காதில் விழுந்துவிடும். ஆகையால் நானே எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடவும். சம்பந்தியம்மாளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். அந்த அம்மாள் சிரித்தால் மூன்று தோட்டத்துக்குக் கேட்கும்.

விஷயம் என்னவென்றால் பேத்தியின் பெயர்.

தை மாதம் உங்கள் வீட்டில் பெயர் வைத்த அன்றைக்கு நடந்தது உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. மூத்தது பெண்ணாக இருந்தால் அப்பனைப் பெற்றவள் பெயரை வைப்பது எங்கள் வழக்கம், உங்கள் வழக்கமும் அதுதான். அதனால் பூவாத்தாள் என்று வைப்பதில் பேச்சே இருக்காது என்று நினைத்துத்தான் நான் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது உள் அறையில் இருந்து தங்கள் மகள் குரல் வந்தது. "ஏனுங்க அத்தே, இந்தக் காலத்துல போயி ஆருங்க பூவாத்தா காவாத்தான்னு வெக்கறாங்க? பாலக்காட்டுல என்றகூடப் படிச்ச புள்ளைக்கு ஷைலஜான்னு பேருங்க. சொல்லிப் பாருங்க, வாய்க்கே எப்படி இனிக்குதுன்னு."

நானும் சொல்லிப் பார்த்தேன். பல் இல்லாத வாயில் அந்தப் பெயர் நுழையவே இல்லை. "வாளையாத்து மேட்டுல லாரிக்காரன் கியர் மாத்தறாப்ல இருக்குது" என்றேன். உங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். சம்பந்தியம்மாள் எழுந்து நின்று, "எங்கூட்டுல பொறந்த புள்ள, எங்க புள்ள ஆசப்பட்ட பேரு" என்றார்கள். நான், "எம்பையன் இல்லாமத்தான் பொறந்துச்சாக்கும்?" என்றேன். அப்போது நீங்கள் பெரிய மனிதராகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடுவில் வந்து சொன்ன வார்த்தை இருக்கிறதே, அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். "நல்ல நாளும் அதுவுமா எதுக்குங்க சண்ட? ரெண்டு ஊட்டுக்காரியும் உக்காந்து தாயம் போடுங்க. ஆரு காயி மொதல்ல பழமாகுதோ, அந்தப் பேரு புள்ளைக்கு." அப்படித்தானே சொன்னீர்கள்? சொல்வதற்கு முன்னால் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எங்கள் மாட்டுச்சாளையில் மத்தியானச் சோறு முடிந்ததும் நானும் பக்கத்துத் தோட்டத்துக் கமலாத்தாளும் தாயம் விளையாடுவது நேற்று இன்றைக்கு வந்த பழக்கம் அல்ல. மற்றவர்கள் ஆடுகிற மாதிரி வெறுமனே காயை நகர்த்திக்கொண்டிருக்க எங்களால் முடியாது. எங்கள் சாளைச் சட்டம் வேறு. அவள் காய்களுக்கு நான் பெயர் வைப்பேன், என் காய்களுக்கு அவள் பெயர் வைப்பாள். யார்மேல் கோபம் இருக்கிறதோ அவர்கள் பெயரை எதிராளி காய்க்கு வைத்துவிட்டு, விரட்டிப் போய் வெட்டினால் அன்றைக்குச் சாப்பிட்ட சோறு செரிக்கும். அவள் என் காய்களுக்கெல்லாம் தன் நாத்தனார்மார் பெயரை வைத்திருக்கிறாள். அவள் காய்களில் ஒன்றுக்கு, கல்யாணம் முடிந்த மறுநாளில் இருந்து பொங்கியண்ணன் என்று பெயர். தவறாக நினைக்க வேண்டாம். சின்ன ஓட்டாஞ்சில்லு, கொஞ்சம் மூளியான சில்லு, அவ்வளவுதான். ஒரு நாள் உங்களுக்குத் தாயமே விழாமல் மத்தியானம் முழுக்கக் கட்டத்துக்கு வெளியிலேயே கிடந்தீர்கள். எனக்கே பாவமாக இருந்தது. கடைசியில் உள்ளே வந்தீர்கள், உடனே வெட்டிவிட்டேன்.

அப்படி ஆடிப் பழகிய கையை உங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு உட்கார வைத்தீர்கள். ஷைலஜாவுக்குக் கத்திரிக்காய்க் காம்பு. பூவாத்தாளுக்கு என் கையில் இருந்த பச்சை வளையலிலேயே ஒரு துண்டு. நாலு புளியங்கொட்டையைக் குலுக்கிப் போட்டதும் எனக்குத் தாயம். சம்பந்தியம்மாள் குலுக்குகிறார்கள், குலுக்குகிறார்கள், கொட்டைதான் தேய்கிறது. ஷைலஜா ஒருவழியாகக் கட்டத்துக்குள் வந்து நாலு வீடு நடப்பதற்குள் வெட்டினேன். மறுபடி வந்தாள். மறுபடி வெட்டினேன். உள்ளே இருந்து தங்கள் மகள், "அம்மோவ், காய வெட்ட முடியாத கட்டத்துல ஒக்கார வெய்யி, ஓட உடாதே" என்று கத்துகிறாள். பெற்றுப் போட்ட பச்சை உடம்புக்காரிக்கு அத்தனை சத்தம் ஆகாது என்று நான் நல்ல வார்த்தைதான் சொன்னேன். சொல்லிக்கொண்டே பூவாத்தாளைப் பழமாக்கிவிட்டேன். நீங்கள் வேப்பங்கொழுந்தை மென்றவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு குழந்தையின் காதில் என் பெயரைச் சொன்னீர்கள். அன்றைக்கு நான் திரும்பி வந்தது பஸ்ஸில் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு என்னவோ பல்லக்கில் வந்ததாகத்தான் ஞாபகம்.

தோற்ற பெயரும் வீணாகப் போக வேண்டாம் என்று, அந்த வாரம் பிறந்த எருமைக் கன்றுக்கு ஷைலஜா என்று வைத்தேன். கூப்பிட்டால் வருகிறது.

இனிமேல்தான் கஷ்டமே. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்வது எங்கள் பக்கம் கிடையாது. பெரியவர்கள் பெயரை வைத்த குழந்தையைப் பெற்றவள் அம்மிணி என்பாள், கண்ணு என்பாள், சாமி என்பாள், பெயரை மட்டும் சொல்ல மாட்டாள். என் மாமியார் பெயரை வைத்த என் நாத்தனாரின் இளைய மகளை நான் அவள் கல்யாணம் வரைக்கும் "ஏ புள்ள" என்றுதான் கூப்பிட்டேன். தாயம் ஆடும்போது இது என் நினைப்பில் இருந்தது, ஆனால் தங்கள் மகள் நினைப்பில் வேறு என்னவோ இருந்திருக்கிறது. சித்திரையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தாள். வந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தாள். அடுத்த நிமிஷம், "பூவாத்தா! ஏண்டி இப்படிக் கத்தி ஊட்டை ரெண்டாக்கறே? வாய மூட்றி!" என்றாள். நான் சாளையில் பால் கறந்துகொண்டிருந்தேன். போசி கையைவிட்டுப் போய், கறந்த பால் அத்தனையும் சாணியோடு போனது.

ஓடி வந்து, "ஏ சரசு, என்ற பேரச் சொல்லி அப்படிப் பேசலாமா?" என்று கேட்டேன். அவள் முகத்தைப் பச்சைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு, "ஐயோ அத்தே, உங்களப் போயி நாஞ் சொல்லுவனுங்களா? உங்க பேத்தியத்தானுங்க சொன்னேன். அம்மிணின்னுதாங் கூப்படலாம்னு இருந்தனுங்க. ஆனா நீங்க அத்தன பாடுபட்டுத் தாயம் போட்டு ஜெயிச்ச பேராச்சுங்களே, கூப்படாம உட்டா உங்க மனசு என்ன பாடுபடும்?" என்றாள். இதற்கு என்ன பதில் சொல்வது? உங்களால் முடிந்தால் எழுதி அனுப்பவும். எனக்கு இன்றைக்கு வரைக்கும் கிடைக்கவில்லை.

அன்றையில் இருந்து விடிந்தால் அடைந்தால் என் பெயர்தான். நான் முறுக்கை வெற்றிலை உரலில் போட்டு இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுதான், "பூவாத்தா, வாயில ஒத்தப் பல்லு இல்ல, உனக்கு முறுக்குக் கேக்குதா?" என்று குழந்தையிடம் கேட்கிறாள். நான் மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்தால், "பூவாத்தா, தின்னுபோட்டுத் தின்னுபோட்டு உருள்றயே, ஊட்டுல ஒரு வேல செய்யறயா?" என்கிறாள். எட்டு மாதக் குழந்தையிடம் வேலை எதிர்பார்க்கிற தாயை நான் இந்த ஜில்லாவிலேயே பார்த்ததில்லை. தென்னை மரத்தில் தேங்காய் போட ஏறியவன் இதைக் கேட்டுச் சிரித்து, பிடி நழுவிப் பாதி மரம் சறுக்கி வந்தான். நெஞ்செல்லாம் சிராய்ப்பு. அதற்கும் மஞ்சள் அரைத்துப் போட்டது நான்தான்.

என் மகனாவது தட்டிக் கேட்பான் என்று பார்த்தால் அவன் பாடு என் பாட்டைவிட மோசம். பெற்ற தாயின் பெயரைச் சொல்லி மகன் கூப்பிட முடியுமா? "நீ அம்மிணின்னாவது கூப்புட்றா" என்றால், "பேரு இருக்கையில அதெல்லாம் எதுக்குன்னு சரசு சொல்றா" என்கிறான். அதனால் குழந்தையை அம்மா என்று கூப்பிடுகிறான். நேற்று வாசலில் நின்றுகொண்டு இரண்டு கையையும் நீட்டி, "அம்மா, ஓடி வா, தூக்கிக்கறேன்" என்றான். நான் இந்த முழங்கால் வலியோடு எழுந்து பாதி தூரம் போய்விட்டேன். பிறகுதான் என் காலுக்குக் கீழே குழந்தை தவழ்ந்து போவதைப் பார்த்தேன்.

போன மாதம் அம்மை குத்துகிறவர் வந்தார். தங்கள் மகள் துணி துவைக்கப் போயிருந்தாள், குழந்தை தொட்டிலில் தூக்கம். அவர் வாசலில் நின்று மலையாளத்தில், "பூவாத்தாள் உண்டோ?" என்றார். "உண்டு" என்றேன். "கை காட்டூ" என்றார். சர்க்கார் மனிதர் என் பெயரைச் சொல்லிக் கேட்கும்போது காட்டாமல் இருக்க முடியுமா? காட்டினேன், குத்திவிட்டுப் போய்விட்டார். கை வீங்கிக் காய்ச்சலில் படுத்தேன். தங்கள் மகள் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், ஒத்தடம் கொடுத்தாள், இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் கஞ்சியை ஊட்டும்போது தொட்டிலைப் பார்த்து, "பூவாத்தா, உனக்கு வெச்ச ஊசி உன்ற பாட்டிக்குப் போயிருச்சு, நீ தப்பிச்சுட்டே போ" என்று சொல்லிச் சிரித்தாள். வாயில் கஞ்சி இருந்ததால் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். கமலாத்தாள் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. காய்ச்சல் விட்டதும் ஆறுதலாகத் தாயத்துக்கு உட்கார்ந்தேன். அவள் என் காயில் ஒன்றை எடுத்து, "அக்கா, எந்நாத்தனாமாரெல்லாம் வெட்டி வெட்டிச் சலிச்சுப்போச்சு. இன்னைக்கு இதுக்குக் குட்டிப் பூவாத்தான்னு பேரு" என்றாள். நான் புளியங்கொட்டையைக் குலுக்கினேன். ஆட்டம் நடந்தது. பழமாக இன்னும் ஒரே வீடு இருக்கும்போது வெட்டினாள். வெட்டினது மட்டுமா, "போடி பூவாத்தா, வெளிய போயி ஒக்காரு" என்று விரலால் சுண்டி எறிந்தாள். அது போய் எருமைத் தொட்டியில் விழுந்தது. "எம்பேத்தி பேர வெட்டறயா?" என்று கேட்டேன். "பொங்கியண்ணன வெட்டறப்ப இனிச்சுதாக்கும்?" என்கிறாள். அதுவும் இதுவும் ஒன்றா, நீங்களே சொல்லுங்கள். புளியங்கொட்டையை அள்ளிக் கிணற்றில் போட்டுவிட்டேன். இப்போது இரண்டு தோட்டத்துக்கும் பேச்சு வார்த்தை இல்லை. மத்தியானம் முழுக்க நான் எருமையோடு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகையால் சம்பந்தி அவர்களே, இந்தப் பெயரை மாற்ற வேண்டும். காது குத்துவதற்குள் மாற்றினால்தான் உண்டு. காது குத்தி மாமன் மடியில் வைத்து ஊரைக் கூட்டி ஒரு தடவை சொல்லிவிட்டால் அப்புறம் அது நிலைத்துவிடும். ஆனால் தாயம் போட்டு ஜெயித்த பெயரை நானே வேண்டாம் என்று சொன்னால், தங்கள் மகள் அதை என் கருமாதி வரைக்கும் சொல்லிக் காட்டுவாள். ஆகவே நீங்கள்தான் வர வேண்டும். சொன்னபடி செய்யவும். வரும் வெள்ளிக்கிழமை பத்து மணி பஸ்ஸில் வரவும். வாசலில் கால் வைத்ததும் கோபமாக இருக்கவும். உங்களுக்குக் கோபம் வராது என்று தெரியும், சம்பந்தியம்மாளை நினைத்துக்கொண்டு வந்தால் வரும். "எம்பேத்திக்கு ஷைலஜான்னு வெச்சாத்தான் இந்த ஊட்டுல தண்ணி குடிப்பேன்" என்று சத்தமாகச் சொல்லவும். நான் மாட்டேன் என்பேன். நீங்கள் விடக் கூடாது. நான் அழுவேன், தலையில் அடித்துக்கொள்வேன், உங்கள் வீட்டு லாரியைப் பற்றியும் கிழிந்த இலையைப் பற்றியும் சொல்வேன். அதற்கெல்லாம் பதில் சொல்லத் தேவையில்லை, அது சும்மா. ஆனால் கேட்டுக்கொண்டு நிற்கவும். நான் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் நீங்கள் கொஞ்சம் இறங்கி, "பெரிய மனசு பண்ணுங்க" என்று சொல்ல வேண்டும். அதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். உடனே நான் பெரிய மனசு பண்ணிவிடுவேன். எருமைக் கன்றைப் பற்றிக் கவலை வேண்டாம். அதற்கு இன்னும் காது குத்தவில்லை, வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம்.

வரும்போது தேங்காய் பழத்தோடு வரவும், வெறுங்கையோடு சண்டை போட வந்தால் பார்க்கிறவர்கள் தப்பாக நினைப்பார்கள். இதில் ஒரு வார்த்தைகூட சரஸ்வதிக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் நான் எழுதவே இல்லை என்று மாரியம்மன்மேல் சத்தியம் செய்வேன், பாவம் உங்களுக்குத்தான்.

உங்கள் காட்டில் மழை பெய்து, கடலை நன்றாகக் காய்த்து, நீங்களும் சம்பந்தியம்மாளும் நோய்நொடி இல்லாமல் பேரன் பேத்தி எடுத்து நீடூழி வாழ மேக்காட்டுக் கருப்பராயன் துணை இருக்கட்டும். உங்கள் இளைய மகனுக்குப் பெண் பார்ப்பதாகக் கேள்வி. அந்த வீட்டாருக்காவது நல்ல இலை போடவும்.

இப்படிக்கு,
பூவாத்தாள்.

பிற்சேர்க்கை: காகிதத்தை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு தபால் பெட்டிக்குக் கிளம்பும்போது, தங்கள் மகள் குழந்தையைக் கொண்டு வந்து என் மடியில் போட்டுவிட்டு, "அத்தே, இத்தனூண்டு நேரம் பாத்துக்குங்க, கொழம்பு கொதிக்குது" என்று அடுப்படிக்குப் போனாள். அது அழ ஆரம்பித்தது. அம்மிணி என்றேன், கண்ணு என்றேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேறு வழியில்லாமல் பூவாத்தா என்றேன். உடனே அழுகையை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தது. சம்பந்தி, என் பெயரை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்ல எங்கே நேரம் வந்தது? என்னைப் பெற்றவள் நான் பால்குடி மறக்கும் முன்பே போய்விட்டாள். என் மாமியார் சொன்ன நாளெல்லாம் பின்னாலேயே ஒரு வசவு வரும். என்னைக் கட்டியவர் "ஏ புள்ள" என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டுப் போய்ச் சேர்ந்தார். அப்புறம் அம்மா, அத்தை, பெரியாத்தா என்று ஆகிவிட்டது. அம்மை குத்துகிறவரைத் தவிர யாரும் அந்தப் பெயரை மரியாதையாகக் கேட்டதில்லை. சரி, ஆரம்பித்தது ஆரம்பித்தாகிவிட்டது என்று, "பூவாத்தா, என்ற தங்கமே, உன்னையாட்ட ஒரு நல்லவ இந்தச் சீமைல உண்டா? உன்ற அழகுக்கும் உன்ற குணத்துக்கும் ஆருடி ஈடு?" என்றேன். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. அதனால் இன்னும் கொஞ்சம் சத்தமாக, "பூவாத்தா, உன்னப்போல பொறுமசாலிய நாங் கண்டதே இல்ல சாமி" என்றேன். தங்கள் மகள் கரண்டியோடு வாசற்படிக்கு வந்து என்னையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். கரண்டியில் இருந்து குழம்புதான் சொட்டியது. திரும்பிப் போய்விட்டாள். அதில் இருந்து சாயங்காலம் வரைக்கும் நான் விடவில்லை. இத்தனை நல்ல வார்த்தை எனக்குத் தெரியும் என்று எனக்கே தெரியாது.

ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடவும். வெள்ளிக்கிழமை வர வேண்டாம். வந்து ஷைலஜா என்று வாயைத் திறந்தால் பெரிய சண்டை ஆகிவிடும், அது நிஜமான சண்டையாக இருக்கும். காது குத்துக்கு மட்டும் எல்லோரும் வரவும். குழந்தையைக் கூப்பிடும்போது பெயரை முழுசாக, இனிப்பாக, கொஞ்சம் சத்தமாகக் கூப்பிடவும். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.